வலது ஷூவின் மேல்தோலில் ஒரு கோடு: 27 ஆண்டுகளுக்குப் பின் மோட்டார் சைக்கிளுக்குத் திரும்பியவரின் விபத்து குறித்த நிகழ்வு ஆய்வு

2025 பிப்ரவரி மாதத்தின் இரண்டாம் வெள்ளிக்கிழமை மாலை ஐந்தே முக்கால் மணியளவில், கபிஸ்தலத்திலிருந்து திருவையாறு நோக்கிக் காவிரியை ஒட்டிச் செல்லும் சாலையில் வந்துகொண்டிருந்த 61 வயதுள்ள ஓய்வுபெற்ற அரசுப் பொறியாளர் ஒருவர், அறுப்பு முடிந்த வயலிலிருந்து சாலைக்கு ஏறிய ஆட்டுக்குட்டி ஒன்றைக் கண்டு வண்டியை நிறுத்த முயன்றபோது, வைக்கோல் சிந்திக் கிடந்த இடத்தில் சறுக்கி இடப்பக்கமாக விழுந்தார். இடது மணிக்கட்டு எலும்பில் விரிசல் கண்டது. முழங்காலிலும் முழங்கையிலும் சிராய்ப்பு ஏற்பட்டது. ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள, முகத்தையும் சேர்த்து மூடும் ஹெல்மெட்டின் இடது தாடைப் பகுதி விரல் நீளத்துக்குத் தேய்ந்திருந்தது. ஹெல்மெட் இல்லையென்றால் அந்தத் தேய்மானம் அவருடைய தாடையில் விழுந்திருக்கும். ஆட்டுக்குட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவில் 28 ஆண்டுகள் பயிற்றுநராக இருந்த எனக்கு அவர் ஒன்றுவிட்ட அண்ணன் முறை. விழுந்த மறுநாள் காலை நான் போய்ப் பார்த்தபோது, மாவுக்கட்டுப் போட்ட கையைத் தலையணையில் வைத்துக்கொண்டு அவர் சொன்ன முதல் வார்த்தை, "பிரேக்கு பிடிக்கலை தம்பி. மிதிச்சேன், ரெண்டு தடவை மிதிச்சேன், வண்டி நிக்காம உலுக்கிடுச்சு" என்பதுதான். வாங்கி ஐந்து மாதம்கூட ஆகாத வண்டியில், 1,400 கிலோமீட்டருக்குள் பிரேக் பழுதாகுமா என்ற ஐயத்தோடு தொடங்கிய விசாரணை இது. பணியிலிருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்பும் எத்தனையோ பேர் இப்போது டெல்டாவில் மீண்டும் வண்டி வாங்குவதைப் பார்க்கிறேன். அவர்களுக்கும் அவர்களுடைய வீட்டாருக்கும் பயன்படும் என்பதால், அவருடைய ஒப்புதலோடு, பெயரும் ஊரும் விட்டு இதை எழுதுகிறேன்.

அவருடைய பின்னணி

அவர் வண்டி ஓட்டக் கற்றது 1985இல், தம் தந்தையார் 1979இல் வாங்கிய புல்லட்டில். 1950களின் நடுவிலிருந்து சென்னைத் திருவொற்றியூரில் உருவாகிவந்த அந்த வண்டியின் பழைய அமைப்பை அறியாதவர்களுக்கு ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும், ஏனெனில் இந்த ஆய்வு முழுவதும் அதைச் சுற்றியே நிற்கிறது. அந்தக் காலத்துப் புல்லட்டில் கியர் வலது காலில்; பின் பிரேக் இடது காலில். முதல் கியருக்குப் பெருவிரலால் மேலே தூக்க வேண்டும். மற்ற மூன்று கியர்களும் கீழே மிதித்து விழ வேண்டியவை. இன்று விற்பனைக்கு வரும் மோட்டார் சைக்கிள்களில் கியர் இடது காலிலும் பிரேக் வலது காலிலும் இருக்கின்றன. அவர் வாங்கிய 350 சி.சி. வண்டியில் முதல் கியர் கீழே, மற்ற நான்கும் மேலே. கால் மாறியிருக்கிறது, திசையும் மாறியிருக்கிறது.

பன்னிரண்டு ஆண்டுகள் அந்தப் புல்லட்டில்தான் வேலைக்குப் போய்வந்தார். 1997இல் சென்னைக்கு மாற்றலானபின் காருக்குப் போய்விட்டார். வண்டி ஊரில் மாட்டுக்கொட்டகையின் ஓரத்தில் சாக்குப் போர்த்தி நின்றது. 2024இல் ஓய்வு பெற்று ஊர் திரும்பி, அந்த ஆண்டு ஐப்பசியில் புதிய வண்டியை வாங்கினார். ஓட்டுநர் உரிமத்தில் எந்தக் குறையும் இல்லை. காருக்கும் கியர் உள்ள இருசக்கர வண்டிக்கும் ஒரே உரிமம் என்பதால், இடையில் ஒரு நாள்கூட வண்டியைத் தொடாமலே அது புதுப்பிக்கப்பட்டு வந்தது. 55 வயதைக் கடந்தவருக்கு ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை மருத்துவச் சான்றோடு புதுப்பிக்கும்படி சட்டம் கேட்கிறது. கடைசியாக எப்போது இரண்டு சக்கரத்தில் ஏறினீர்கள் என்று அது கேட்பதில்லை. காலாவதியாகி ஓராண்டுக்கு மேல் விட்டவருக்குத்தான் மறுபடி ஓட்டிக் காட்டும் தேர்வு. இது சரிசெய்ய வேண்டிய இடைவெளி என்பது என் உறுதியான கருத்து.

முதல் மூன்று மாதங்கள் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் நடக்கவில்லை. வாசல் கேட்டருகே, திருப்பும்போது இரண்டு முறை வண்டி சாய்ந்து கீழே வைத்திருக்கிறார். பழையதைவிட ஏறத்தாழ 30 கிலோ கூடுதலான வண்டி அது. 33 வயதுத் தொடை தாங்கிய சாய்வை 61 வயதுத் தொடை தாங்கவில்லை. மற்றபடி கும்பகோணம், பாபநாசம், தஞ்சாவூர் என்று சுற்றிவந்தவருக்கு ஒரு கீறல்கூட இல்லை.

இடத்தில் கண்டவை

அறுவடைக் காலத்துக் கரைச்சாலை, சாலை என்ற ஒரே வேலையை மட்டும் செய்வதில்லை. கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் திருப்பிவிடுவார்கள் என்பதால், களம் கிடைக்காத விவசாயி தார்ச்சாலையில்தான் நெல்லைக் கொட்டிக் காயவைக்கிறார். அன்று அந்த இடத்தில் சாலையின் இடது பாதியில் அறுபது மீட்டர் நீளத்துக்கு நெல் விரிந்திருந்தது; ஓரத்தில் வரிசையாகச் செங்கல். வண்டி போக மிஞ்சியது வலது பாதி. நெல் முடிந்து பத்தடி தாண்டியதும், டிரெய்லரிலிருந்து உதிர்ந்த வைக்கோல் சாலையின் குறுக்கே படிந்து, ஏறிய சக்கரங்களால் பாய்போல் அமுங்கிக் கிடந்தது. சம்பா, தாளடி அறுப்பு முடிந்தவுடன் இராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள் (ஆடு மேய்ப்பவர்கள்) வயலில் கிடை போட ஆடுகளை ஓட்டிவருவது இங்கே காலங்காலமான வழக்கம். அன்றும் மதகுக்கு இந்தப் பக்கம் மந்தை நின்றது. கீதாரி தம் கோலைக் குறுக்கே நீட்டி மந்தையை மறித்துத்தான் வைத்திருந்தார், ஒரு குட்டி மட்டும் நழுவிவிட்டது என்று எதிரே டீக்கடையில் இருந்தவர் சொன்னார். கீதாரி மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆடு எந்தக் கணமும் ஏறும் என்று அறிந்து வர வேண்டிய சாலை அது.

நான் உட்கார்ந்து பார்த்தது வைக்கோலுக்கு முன்னால் தாரில் இருந்த கறுப்புத் தடத்தை. பின் சக்கரத்தின் தடம். இரண்டு மீட்டருக்குச் சற்று அதிகம். ஒரே கோடாக இல்லாமல், சக்கரம் தத்தியதுபோல் மூன்று துண்டாக விட்டுவிட்டு இருந்தது. முன் சக்கரம் எந்த அடையாளத்தையும் விடவில்லை. 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட எல்லா வண்டிகளிலும் ஏ.பி.எஸ். கட்டாயம், இவருடையதில் இரண்டு சக்கரத்துக்கும் உண்டு. காலால் பிரேக்கை எவ்வளவு மிதித்தாலும் அது சக்கரத்தைப் பூட்ட விடாமல் விட்டுவிட்டுப் பிடிக்கும். ஆனால் ஏ.பி.எஸ். கட்டுப்படுத்துவது பிரேக்கை மட்டுமே. கிளட்ச் பிடிக்காமல் கியரைக் கீழே இறக்கினால் எஞ்சின் சக்கரத்தை இழுத்துப் பிடிப்பதை அது தடுக்க முடியாது. அந்தத் தத்துத் தடம் அப்படிப்பட்டது.

வீட்டுக்கு வந்து வண்டியைப் பார்த்தேன். தூக்கி வந்த பையன்கள் கிளட்சைப் பிடித்தபடியே தள்ளி வந்து நிறுத்தியிருந்தார்கள். கியரை யாரும் தொடவில்லை. வண்டி முதல் கியரில் இருந்தது. மூன்றாவது கியரில் வந்ததாக அவர் உறுதியாகச் சொன்னார், அந்த வேகத்துக்கு அது பொருத்தமும்கூட. மூன்றிலிருந்து ஒன்றுக்கு வர வேண்டுமானால் இடது காலால் இரண்டு முறை கீழே மிதிக்க வேண்டும். "ரெண்டு தடவை மிதிச்சேன்" என்று அவர் சொன்னது பொய்யில்லை. பழைய டிரம் பிரேக்கை விட்டுவிட்டு மிதித்துப் பழகிய இடது கால், பிரேக் என்று நினைத்து மிதித்தது கியரை.

ஷூ

27 ஆண்டுகளுக்கு முந்தைய பழக்கம் திடீரென்று மேலெழுந்ததாகச் சொல்லி இத்தோடு முடித்திருப்பேன். ஆனால் 1,400 கிலோமீட்டர் ஒழுங்காக ஓட்டியவருக்கு, மூன்று மாதத்தில் புதிய பழக்கம் ஓரளவாவது ஊறியிருக்க வேண்டுமே என்ற உறுத்தல் இருந்தது. புறப்படும்போது திண்ணையில் அவருடைய பழுப்பு நிற ஷூ கிடந்தது. இடது ஷூவின் மேல்தோலில், பெருவிரலுக்கு நேரே, கறுப்பாக ஒரு கோடு. கியரை மேலே தூக்குபவர்கள் எல்லாருக்கும் இடது ஷூவில் அது விழும், இயல்பானது. வலது ஷூவை எடுத்துப் பார்த்தேன். அதிலும் அதே இடத்தில் அதே கோடு, சற்று மங்கலாக. புதிய வண்டியில் வலது காலுக்குக் கீழே மிதிக்கும் வேலை மட்டுமே உண்டு. மேலே தூக்க அங்கே எதுவும் கிடையாது.

அண்ணி உள்ளே போகும்வரை காத்திருந்து கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், "அப்பா வண்டிய ரெடி பண்ணிட்டேன்ப்பா, பொங்கலுக்கு" என்றார். கும்பகோணத்தில் பழைய புல்லட் வேலை தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்து ஓடும்நிலைக்குக் கொண்டுவந்து, தை பிறந்ததிலிருந்து வெள்ளிதோறும் காலையில் அதில் கோயிலுக்குப் போய்வந்திருக்கிறார். ஆம்பியர் முள்ளை நடுவில் நிறுத்தி, டீகம்ப்ரஸர் பிடித்து, ஒரே உதையில் கிளப்புவதை அவர் எனக்கு விவரித்தபோது குரலே மாறிவிட்டது. மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற மகிழ்ச்சி அவருக்கு அந்த வண்டியில்தான் இருந்தது, புதியது போக்குவரத்துக்கு. விழுந்த நாளும் வெள்ளிக்கிழமை. காலையில் பழையதில் 14 கிலோமீட்டர், மாலையில் புதியதில்.

அந்த ஒரு வரிதான் இந்த நிகழ்வின் காரணம் என்று நான் கருதுகிறேன். நீண்ட இடைவெளிக்குப்பின் திரும்புபவர் மறந்துவிட்டிருப்பார் என்றே எல்லாரும் அஞ்சுகிறோம். இவருக்கு மறதியால் தீங்கு வரவில்லை. அமைதியாக ஓட்டும்போது மனம் காலுக்கு வழி சொல்கிறது. அரை நொடியில் முடிவெடுக்க வேண்டியபோது மனத்தைக் கேட்க நேரமில்லை, எது முதலில் ஊறியதோ அது முந்துகிறது. அது முந்தாதபடி மூன்று மாதமாகப் புதிய பழக்கம் மேலே படிந்துகொண்டிருந்தது. வெள்ளிதோறும் அவரே அதைக் கிளறிவிட்டார்.

வேகம், வெயில், வயது

கால் தவறியது ஒன்று. தவறியிருக்காவிட்டால் தப்பியிருப்பாரா என்பதும் பார்க்க வேண்டியது. டீக்கடைக்காரரும் அவரும் சொன்னதைக் கொண்டு, குட்டி ஏறிய இடத்துக்கும் அவர் அதைக் கண்ட புளியமரத்துக்கும் இடையே அளந்தேன்: 30 மீட்டர். அவர் வந்த வேகம் 45 கிலோமீட்டர், அதாவது நொடிக்குப் பன்னிரண்டரை மீட்டர். கண்டு, புரிந்து, பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்றால் அதற்குள்ளேயே 19 மீட்டர் போய்விடும். இரண்டு பிரேக்கும் நன்றாகப் பிடித்து உலர்ந்த தாரில் நிற்க இன்னும் 13 மீட்டர். ஆக 32 மீட்டர் வேண்டியிருந்த இடத்தில் 30 மீட்டர்தான் இருந்தது, அதிலும் கடைசிப் பகுதி வைக்கோல். வேகம் 35 ஆக இருந்திருந்தால் மொத்தம் 23 மீட்டருக்குள் நின்றிருப்பார். வைக்கோலையே தொட்டிருக்க மாட்டார். பத்து கிலோமீட்டர் வேகம் அந்த மாலையில் அவ்வளவு பெரிய வேறுபாடு.

ஒன்றரை நொடி என்று எடுத்துக்கொண்டதற்குக் காரணம் வெயில். பிப்ரவரி நடுவில் சூரியன் மறைய அரை மணிக்குச் சற்று மேல் இருக்கும்போது மேற்கு நோக்கி ஓட்டியிருக்கிறார். சூரியன் சாலையின் முடிவில் நேர் எதிரே நின்றிருக்கும். அறுபது வயதில் கண்மணி சிறுத்து, லென்ஸ் மஞ்சளித்து, இருபது வயதில் விழித்திரைக்குக் கிடைத்த ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும் என்கிறது கண் மருத்துவம். கூச்சத்திலிருந்து மீளவும் கூடுதல் நேரமாகும். பின்னர் நான் வற்புறுத்திச் செய்த கண் பரிசோதனையில், வலது கண்ணில் புரை தொடங்கியிருப்பது தெரிந்தது. கண்புரை எதிர் வெளிச்சத்தைச் சிதறடிக்கும். நிழலில் தெளிவாகப் படிக்கிறவருக்கே வெயிலுக்கு எதிரே ஆட்டுக்குட்டியும் வைக்கோலும் ஒன்றாகத் தெரியலாம்.

"வயசாயிட்டு, இனிமே எதுக்கு இந்த வண்டி" என்பதே ஊரில் பலருடைய தீர்ப்பாக இருந்தது. வயதுக்குப் பங்கு உண்டு என்பதை மேலே ஒப்புக்கொண்டேன். எனினும் வயது என்ற ஒரு சொல்லில் எல்லாவற்றையும் போட்டு மூடினால், கண்ணைச் சோதிக்கவும் வேகத்தைக் குறைக்கவும் காலைப் பழக்கவும் வழியே இல்லாமல் போகும். கியரே இல்லாத ஸ்கூட்டர் வாங்கித் தரலாம் என்று மகன் தொலைபேசியில் சொன்னார். கால் குழப்பம் அதில் எழாது என்பதால் பலருக்கு அது நல்ல முடிவுதான். இவரோ கேட்கவே தயாராக இல்லை, கரைச்சாலைப் பள்ளங்களில் சிறிய சக்கரம் இறங்கி ஏறுவதையும் நான் எண்ணிப் பார்த்தேன்.

சிமென்ட் களத்தில்

ஐந்து வாரம் கழித்து மாவுக்கட்டைப் பிரித்தார்கள். பிடி வலுப்பெற மேலும் மூன்று வாரம் பிடித்தது. சித்திரையில் ஊர்ப் பொதுக் களம் காலியாக இருந்தது. காலை ஆறு மணிக்கு, கொட்டாங்கச்சிகளை அடையாளமாக வைத்துத் தொடங்கினோம். முதலில் 20 கிலோமீட்டர் வேகத்தில் அவர் வர, நான் நினைத்த நேரத்தில் "நில்லு!" என்று கத்துவேன், எந்தக் கால் முதலில் அசைகிறது என்று மட்டும் பார்ப்பேன். முதல் நாள் இருபது முறையில் ஆறு முறை இடது கால் முந்தியது. விபத்து நடந்து இரண்டு மாதம் கழித்து, காரணம் முழுவதும் தெரிந்த பிறகு, பகல் வெளிச்சத்தில், ஆறு முறை. அவர் வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றாமலே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

காலைத் திருத்த முதலில் முயலவில்லை, கையைப் பழக்கினேன். ஆபத்து என்றால் இரண்டு கையும் ஒன்றாக மூட வேண்டும்: இடது கை கிளட்ச், வலது கை முன் பிரேக். இதில் இரட்டைப் பயன். கிளட்ச் பிடித்திருக்கும்போது இடது கால் தவறிக் கியரை மிதித்தாலும் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்திருப்பதால் பின் சக்கரம் பூட்டாது. தவறு நடந்தாலும் அது வண்டியைக் கவிழ்க்காது. அடுத்தது, நிறுத்தும்போது எடை முன்னால் சாய்வதால் நிறுத்தும் ஆற்றலில் பெரும்பங்கு முன் சக்கரத்திலேயே இருக்கிறது. "முன் பிரேக் புடிச்சா தூக்கி அடிச்சிடும்" என்பது எங்கள் பக்கத்தில் தந்தை மகனுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடம். பிடியில்லாத பழைய முன் டிரம்மையும் மணல் சாலையையும் வைத்துப் பிறந்த அந்தப் பாடத்தை அவரும் நாற்பது ஆண்டாகக் காத்துவந்தார். சாலைத் தடத்தில் முன் சக்கரத்தின் அடையாளமே இல்லாததோடு அது ஒத்துப்போகிறது. படபடவென்று இழுக்காமல், எலுமிச்சையைப் பிழிவதுபோல் முதலில் மெல்லவும் பிறகு அழுத்தியும் பிடிக்கச் சொன்னேன். நான்காம் நாள் வண்டியின் முன்பக்கம் அமிழ்ந்து கொட்டாங்கச்சிக்கு ஒரு முழம் முன்னால் நின்றபோது, "இவ்வளவு புடிக்குமா இது" என்று வியந்தார்.

வலது கையின் இரண்டு விரல் எப்போதும் பிரேக்கின் மேல் இருப்பது, நெல் விரிப்பைக் கண்டால் அதற்கு முன்பே வேகத்தை இறக்கி அதன் மேல் பிரேக்கையே தொடாமல் கடப்பது, ஆற்றுப்பாலத்தின் மேடேறும்போது மறுபுறம் மாடு நிற்கும் என்றே எண்ணிக்கொள்வது ஆகியவற்றைப் பிறகு சாலையில் பழக்கினோம். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு வரும் வழி இதற்கென்றே அமைந்ததுபோல் உள்ளது: வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று பதின்மூன்று கிலோமீட்டருக்குள் ஐந்து பாலம். நான் பின்னால் என் வண்டியில் வந்தேன். மூன்றாம் வாரம் களத்தில் திரும்பச் சோதித்தபோது இருபதில் ஒரு முறைகூட இடது கால் முந்தவில்லை; கையோ ஒவ்வொரு முறையும் முந்தியது. அந்த இருபது முறையும் அவர் எதிர்பார்த்திருந்த இருபது முறைகள் என்பதையும் இங்கே குறிக்க வேண்டும்.

பழைய வண்டி

எல்லாவற்றையும் எளிதாக ஏற்றவர் இதற்கு மட்டும் பத்து நாள் பதில் சொல்லவில்லை. இரண்டில் ஒன்றை மட்டும் ஓட்டுங்கள், எதுவானாலும் சரி என்றுதான் நான் கேட்டேன். பழையதையே வைத்துக்கொண்டு புதியதை விற்கலாமா என்றும் யோசித்தார். டிரம் பிரேக், மங்கிய விளக்கு, இன்றைய சாலையின் வேகம் ஆகியவற்றைப் பார்த்து அவரே வேண்டாம் என்றார். அண்ணியிடம் வெள்ளிக்கிழமை விஷயத்தையும் அவரே சொல்லிவிட்டார். அண்ணி கோபித்துக்கொள்ளவில்லை, "மாமா வண்டிய விக்க வேணாம், ஓட்ட மட்டும் வேணாம்" என்றார்கள்.

2025 ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறந்து, காவிரியில் தண்ணீர் வந்தபின், குறுவை நடவுக்கு வயல் பார்க்கப் புதிய வண்டியில் தினமும் போய்வருகிறார். கண்புரை அறுவைக்கு மருத்துவர் சொல்லியிருக்கிறார். அது முடியும்வரை மாலை நான்கு மணிக்கு மேல் மேற்கு நோக்கி வண்டி எடுப்பதில்லை. பழைய புல்லட் திண்ணைக்கு அருகே ஸ்டாண்டில் நிற்கிறது. வெள்ளிக்கிழமை காலையில் அதை ஒரே உதையில் கிளப்பி, எஞ்சின் சூடேறும்வரை அருகே நின்றிருந்துவிட்டு, நிறுத்திச் சாவியை அண்ணியிடம் கொடுத்துவிடுகிறார். அந்த நேரத்தில் அவர் காலில் ஷூ இருப்பதில்லை, வெறுங்காலோடுதான் உதைக்கிறார்.